சாதாரண கால்குலேட்டரில் மணி, நிமிடக் கணக்கு போடுவது எப்படி?

கேள்வி: “3 மணி 45 நிமிடத்தையும் 2 மணி 50 நிமிடத்தையும் கடைக் கால்குலேட்டரில் கூட்டினால் 6.35 வராமல் 5.95 என்று வருகிறது. நேரக் கணக்கை இதில் போடவே முடியாதா?”

தாராளமாகப் போடலாம். வந்த 5.95-உடன் 0.40 கூட்டிப் பாருங்கள், 6.35 வந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் 100 சேர்ந்தால்தான் கால்குலேட்டர் ஒன்றை இடப்பக்கம் தள்ளும். கடிகாரம் 60 ஆனதுமே தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது அந்த 40. கூட்டும்போது அதைச் சேர்க்க வேண்டும், கழிக்கும்போது எடுக்க வேண்டும்.

மேலூர் பக்கம் டிராக்டரும் நெல் அறுவடை வண்டியும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒருவரிடம் நான் கணக்கு எழுதுகிறேன். டிரைவர்கள் நோட்டில் குறித்து வரும் நேரத்தைக் கூட்டுவதும் கழிப்பதும்தான் என் பிழைப்பு. இந்த 40 கணக்கை ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட ஓர் இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். விடையில் நிமிடம் 60-க்கு மேல் போனால்தான் திருத்த வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வண்டி காலை 6.50-க்கு வயலில் இறங்கி 9.00 மணிக்கு ஏறியது என்று வையுங்கள். 9.00-இலிருந்து 6.50-ஐக் கழித்தால் 2.50 வரும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத விடை. ஆனால் உண்மையில் ஓடியது 2 மணி 10 நிமிடம்தான். கழிக்கப்படும் நிமிடம் 50, மேலே இருப்பதோ 00. அப்படியானால் ஒரு மணியைக் கடன் வாங்கியாக வேண்டும். கால்குலேட்டர் அந்த ஒரு மணியை 100 நிமிடமாக வாங்கிவிட்டது, ஆகவே 0.40 குறைக்க வேண்டும். கூட்டலிலும் இதே கண்கட்டு உண்டு. 3.55-உடன் 2.50-ஐச் சேர்த்தால் 6.05 வரும். மூன்றும் இரண்டும் ஐந்துதானே, ஆறாவது மணி எங்கிருந்து வந்தது? நிமிடங்கள் நூறைத் தாண்டி அது தானாக உருண்டு வந்திருக்கிறது. 0.40 சேர்த்தால் 6.45, அதுதான் சரி.

ஆகவே விடையை நம்பாதீர்கள், நீங்கள் போட்ட எண்களைப் பாருங்கள். கூட்டலில் இரண்டு நிமிடங்களும் சேர்ந்து 60 அல்லது அதற்கு மேல் என்றால் 0.40 கூட்டுங்கள். கழித்தலில் மேலே உள்ள நிமிடம் சிறியது என்றால் 0.40 கழியுங்கள். ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் திருத்திவிட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், எத்தனை 40 பாக்கி என்பது யாருக்கும் தெரியாது.

நடுப்பகலையோ நள்ளிரவையோ தாண்டும் கணக்குக்கு ரயில்வே நேரம் உதவும். இரவு 9.35-க்கு மதுரையில் ரயில் ஏறிக் காலை 5.25-க்குச் சென்னையில் இறங்கினால், 5.25-உடன் 24 சேர்த்து 29.25 ஆக்கி, அதில் 21.35-ஐக் கழியுங்கள். 7.90 வரும், நாற்பதை எடுத்தால் 7 மணி 50 நிமிடம்.

இதுவரை சொன்னது நேரத்துக்கு. பணம் என்று வந்துவிட்டால் இந்தப் புள்ளியை அப்படியே பெருக்கவே கூடாது. உழவு 2 மணி 20 நிமிடம் ஓடியது, வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2.20-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 2,640. வர வேண்டியது 2,800. இந்தத் தவறு எப்போதும் வாடகைக்கு விடுபவருக்கோ கூலி வாங்குபவருக்கோதான் நஷ்டமாக முடியும், ஏனென்றால் 20 நிமிடம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு, 0.20 என்பதோ ஐந்தில் ஒரு பங்கு. பணம் கொடுப்பவர் பெரும்பாலும் சுட்டிக்காட்ட மாட்டார். மணிக் கூலியை 60-ஆல் வகுத்து நிமிடத்துக்கு எவ்வளவு என்று வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. 1,200 என்றால் நிமிடத்துக்கு 20 ரூபாய். 140 நிமிடத்துக்கு 2,800. புள்ளிக்கே வேலை இல்லை.

நீளமான பட்டியலுக்கு எம் பிளஸ் (M+) பொத்தான் இருக்கிறது. திரையில் உள்ள எண்ணைக் கால்குலேட்டரின் நினைவகத்தில் கூட்டிக்கொண்டே போவது அதுதான். பலர் அதைத் தொடுவதே இல்லை. முதலில் பழைய நினைவகத்தை அழித்துவிடுங்கள். பிறகு 3 மணி 50 நிமிடத்துக்கு 3 × 60 அழுத்தி எம் பிளஸ், 50 அழுத்தி எம் பிளஸ். 2 மணி 45 நிமிடம், 4 மணி 40 நிமிடம் இரண்டையும் இப்படியே ஏற்றிவிட்டு நினைவகத்தை வரவழைத்தால் 675 நிமிடம். 20-ஆல் பெருக்கினால் 13,500 ரூபாய், பில் தயார். நேரமாக வேண்டுமென்றால் 60-ஆல் வகுங்கள், 11.25 வரும். இங்கே .25 என்பது கால் மணி. 11-ஐக் கழித்து மீதியை 60-ஆல் பெருக்கினால் 15 நிமிடம். சில சமயம் 39.999 போல ஏதாவது வரும், அதை 40 என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

675 − 11 × 60 என்று ஒரே மூச்சில் அழுத்த வேண்டாம். கைபேசி பெருக்கலை முதலில் செய்து 15 என்று சொல்லும். கடைக் கால்குலேட்டர் அழுத்திய வரிசையிலேயே போய் 39,840 என்று காட்டும்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இந்த 60 புதிதல்ல. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு திதி சூரிய உதயத்திலிருந்து 37 நாழிகை 30 விநாழிகை வரை இருக்கிறது என்றால், அது முப்பத்தேழரை நாழிகை. 37.5-ஐ 24-ஆல் பெருக்கினால் 900 நிமிடம், அதாவது 15 மணி. உதயம் காலை 6.10 என்றால் திதி இரவு 9.10 வரை. இங்கேயும் 37.30 என்று அழுத்திப் பெருக்கினால் கணக்கு தவறிவிடும்.

வண்டியில் உள்ள மணி மீட்டரைப் பார்த்துப் பில் போடுபவர்கள் மட்டும் நான் மேலே சொன்ன நாற்பதை மறந்துவிடுங்கள். பல மீட்டர்களில் கடைசி இலக்கம் மணியின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். காலையில் 4126.3, வேலை முடிந்ததும் 4128.7 என்றால் ஓடியது 2.4 மணி. நேராக 1,200-ஆல் பெருக்கினால் 2,880 ரூபாய். அதை 2 மணி 40 நிமிடம் என்று வாசித்து 3,200 கேட்டால், கூடுதலாகக் கொடுக்க வேண்டியவர் வயல்காரர். அதனால் இந்தத் தவறு மட்டும் வரப்பிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.