பெரிய கோயில் விமானம் படத்தில் பின்னால் சாய்ந்து தெரிகிறதே, எடிட்டிங்கில் நிமிர்த்த முடியுமா?

முடியும். கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பதால் வருவது அது. தஞ்சையில் முற்றம் விசாலம். நன்றாகப் பின்னால் போய், கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். கூடுதலாக விழும் தரையை வெட்டிவிடலாம்.

எடிட்டிங்கில் ஒரு சிக்கல். 1010-இல் முடிந்த அந்த விமானம் இயல்பிலேயே மேலே குறுகுவது. லைட்ரூம் என்ற பட எடிட்டிங் மென்பொருளின் ஆட்டோ திருத்தம் அந்தச் சரிவையே பிழையென்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் 'கைடட்' வசதியில், கீழ்ச்சுவரின் அரைத்தூண்கள் இரண்டின்மேல் கோடு போடுங்கள். அவைதான் உண்மையான செங்குத்து. முழுக்க நிமிர்த்தினால் மேல்பகுதி பெருத்துத் தெரியும், கொஞ்சம் சாய்வு இருக்கட்டும்.

அப்புறம், கறுப்பு வெள்ளைக்கு மாற்றி நீல ஸ்லைடரைக் குறைத்துப் பாருங்கள். வானம் இருண்டு, மாலை வெயில் பட்ட கல் பளிச்சென்று நிற்கும். எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது) மட்டும் எனக்குப் பிடிக்காது. சிற்பங்களின் நிழலையெல்லாம் தின்றுவிடுகிறது.