குதிக்கால் வலியும் டியூட்டிச் சப்பாத்தும்: தாதியர் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலை மாவட்டத் தாதியர் கேட்டவற்றுக்கு இயன்மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (உப்புவெளி): விடிய எழும்பிக் காலை நிலத்தில் வைத்தால் குதிக்கால் குத்துகிறது. நடக்க நடக்கக் குறைகிறது, டியூட்டி முடிய மறுபடி வருகிறது. நல்ல மெத்தென்ற சப்பாத்து வாங்கட்டுமா அக்கா?

பதில்: குதிக்கால் எலும்பில் இருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. பிளான்டர் ஃபேசியா என்பது அதுதான். முதல் அடியில் குத்தி, நடந்தால் தணியும் வலி பெரும்பாலும் அதன் வலிதான்.

மெத்தென்று இருந்தால் போதாது தங்கச்சி. கடையில் சப்பாத்தைக் கையில் எடுத்து, குதியைச் சுற்றி வரும் பின்சுவரை விரலால் அழுத்துங்கள். உள்ளே மடிந்தால் வேண்டாம். பிறகு இரண்டு முனையையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்க வந்தாலும் அதே முடிவுதான். குதிப்பக்கம் முன்பக்கத்தை விட ஒரு சென்ரிமீற்றர் அளவு உயர்ந்திருப்பது நல்லது. யூனிபோமுக்கு எடுப்பாக இருக்கிறதென்று பலர் போடும் தட்டையான, மெல்லிய அடி கொண்ட வெள்ளைச் சப்பாத்து இந்த வலிக்குச் சரிவராது.

கடைக்குப் பின்னேரம் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். டியூட்டிக்குப் போடும் மேஸோடு எழும்பி நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். லேஸ் அல்லது பட்டி உள்ளதே மேல். இல்லாவிட்டால் சப்பாத்து கழராமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி (கிண்ணியா): நம்முடைய வெக்கைக்கு ஓட்டை போட்ட ரப்பர் குரொக்ஸ் நல்லதில்லையா?

பதில்: வார்ட்டில் வேண்டாம். ஊசி விழும், இரத்தம் சிந்தும். மேற்பக்கம் மூடியதாக, கழுவக்கூடியதாக, ஈரத்தரையில் வழுக்காததாக எடுங்கள். வியர்வைக்கு வழி, முடிந்தால் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவதுதான். மாரிகாலத்தில் ஒரு சோடி காயவே ஒரு நாள் போதாது.

கேள்வி (மூதூர்): எக்ஸ்ரேயில் குதிக்காலில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். வெட்ட வேண்டி வருமா?

பதில்: பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் முள்போன்ற அந்த எலும்பு வளர்ச்சி எக்ஸ்ரேயில் தெரியும். பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே வலி தீர்ந்துவிடும்.

கேள்வி: சப்பாத்துக்குள் பாதத்துக்குக் கீழே வைக்கும் இன்சோலை அளவெடுத்துச் செய்யக் கனக்கக் காசு கேட்கிறார்கள்.

பதில்: முதலில் கடையில் விற்கும் உறுதியான இன்சோலைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே காணும். பழைய இன்சோலை எடுத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குதி மேலே வந்து சப்பாத்து கழரும்.

கேள்வி (திருகோணமலை நகரம்): நல்ல சப்பாத்துத்தான் போடுகிறேன். ஒரு மாதமாகியும் குறையவில்லை.

பதில்: வீட்டில் காலில் என்ன போடுகிறீர்கள்? டியூட்டி ஆறு மணித்தியாலம், அதன் பிறகு குசினியில் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கிறோம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை. வீட்டுக்குள் போட மட்டும் குதி தடித்த ஒரு செருப்பு வாங்குங்கள், தேய்ந்த பாட்டா வேண்டாம். கோணேசர் கோயிலில் கழற்றத்தான் வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம் பரவாயில்லை. கடற்கரை மணலில் வெறுங்கால் நடையை வலி தணியும் வரை தள்ளிப் போடுங்கள்.

அப்புறம், கட்டிலை விட்டு இறங்கும் முன் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள், பத்து முறை. ஒன்றுவிட்ட நாளில் படியில் விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்து, மூன்று விநாடியில் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறக்குங்கள். பலன் தெரிய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். விடாதீர்கள்.

கேள்வி (கந்தளாய்): எனக்கு நீரிழிவும் இருக்கிறது.

பதில்: அப்படியென்றால் நீங்களாக ஒன்றும் செய்யாமல் முதலில் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் சப்பாத்து கடிப்பதும் தெரியாது, ஐஸ் வைத்தால் புண்ணாவதும் தெரியாது. போடும் முன் ஒவ்வொரு முறையும் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். நீரிழிவு இல்லாதவர்களும் கால் விறைத்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், குதி வீங்கிக் காய்ச்சல் வந்தால் சப்பாத்துக் கடைக்கு அல்ல, வைத்தியரிடம் போங்கள்.