உடம்பெல்லாம் சிவந்து உரிந்தால்: சோரியாசிஸ் கேள்வி பதில்

தோல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து செதில் உதிரும் நோயான சோரியாசிஸ் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு, பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு எட்டு வருஷமாக சோரியாசிஸ். முழங்கையிலும் தலையிலும்தான் இருந்தது. இந்த வாரம் உடம்பு முழுக்கச் சிவந்து செதில் கொட்டுகிறது. மே மாத வெயிலில் கம்பளி கேட்கிறார். காய்ச்சலா?

தம்பி, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 90 சதவீதத் தோல் இப்படிச் சிவந்து உரிந்தால் எரித்ரோடெர்மா என்பார்கள். தோலுக்கு ரத்தம் பெருகிப் பாய்வதால் உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிர்தான் அது. கூடவே நீரும் புரதமும் போகும். கால் வீங்கும், இதயம் திணறும், கிருமி ரத்தத்தில் ஏறவும் கூடும். இப்படி ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் ஃபேனை நிறுத்துவோம். பக்கத்துக் கட்டில்காரர்கள் திட்டுவார்கள், அது வேறு கதை.

இடையில் ஏதாவது ஊசி, மாத்திரை எடுத்தாரா?

ஆமாம். ஓரிடத்தில் பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் தோல் பளிச்சென்று ஆனது. போன மாதம் நிறுத்திவிட்டார்.

நினைத்தேன். அதில் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியைச் சட்டென்று அடக்கும் மருந்து, இருந்திருக்கலாம். சோரியாசிஸ்காரர்களுக்கு அது திடீரென நின்றால் நோய் இப்படித்தான் திருப்பி அடிக்கும். மிச்ச மாத்திரை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை அட்டைகளையும்தான். அவற்றிலும் சில சோரியாசிஸைக் கிளறும். டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள், அவர் திட்டினாலும்.

எனக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாமே?

அதற்கும் கொடுப்பார்கள். உங்களுக்குக் குறைந்த அளவு, வாரத்தில் ஒரே நாள். மறந்துபோய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குடி கூடாது. குழந்தை பெறும் யோசனை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெட்பாலைத் தைலம் தடவலாமா அக்கா?

திட்டுத் திட்டாக இருக்கும்போது தடவி நன்றாக இருக்கிறது என்றவர்கள் உண்டு. உடம்பே ரணமாகக் கிடக்கும்போது வேண்டாம். வேப்பிலை, எலுமிச்சை தேய்ப்பதும் வேண்டாம். வெள்ளை வாசலினும் லிக்விட் பாரஃபினும் போதும். குளித்து ஈரம் காயுமுன் தடவுங்கள். ஆனால் ஒன்று, இவை ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பீடி பக்கம் போக வேண்டாம்.

என் தட்டு, டம்ளரை மருமகள் தனியாக வைத்துவிட்டாள். ஒட்டுமா?

ஒட்டாது அம்மா. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதை அவளிடமே காட்டுங்கள்.

கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தியாச்சு. சரிதானே?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். செதிலோடு புரதம் போகிற நேரம் பார்த்து முட்டையை நிறுத்தி, கஞ்சியை மட்டும் ஊற்றுகிறோம். முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள். சாப்பிட்டு அரிக்கிறது என்று நோயாளியே சொல்வதை மட்டும் விடுங்கள்.

சிஸ்டர், அப்பாவை அட்மிட் செய்துவிட்டோம். ஏதோ ஊசி போடுமுன் நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட் எடுக்கிறார்கள். இருமல்கூட இல்லையே?

பயலாஜிக் ஊசியாக இருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியை மட்டும் குறிவைத்து அடக்கும் மருந்து அது. அவற்றில் சில, உடம்பில் தூங்கும் டிபியை எழுப்பிவிடும். அதனால் முன்னாடியே பார்க்கிறார்கள். தணிய வாரக்கணக்கில் ஆகும் தம்பி. ஃபேனை நிறுத்தினார்களா?