சுருதி சேர்ப்போம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாட்டுப் பயிற்சியையும் கைபேசியையும் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகளுக்கு 12 வயது. பாட்டு டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் ரெகார்ட் செய்து போனில் அனுப்புகிறார். திரும்பத் திரும்பக் கேட்டு அச்சு அசலாகப் பாடிவிடுகிறாள். ஆனால், “நீயாக நாலு ஸ்வரம் போடு” என்றால் விழிக்கிறாள். ரெகார்டிங்கை நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், ஸ்ரீரங்கம்

நிறுத்த வேண்டாம் அம்மா. எப்போது கேட்கிறாள் என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நான் கற்றுக்கொண்ட நாளில் பாடம் முடிந்ததும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். மறுநாள் காலை, பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் ஒரு சங்கதி (ஒரே வரியைச் சற்றே மாற்றிப் பாடும் விதம்) பாதி மறந்துபோயிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ராகத்தை வைத்துத்தான் அந்தப் பாதியை இட்டு நிரப்ப வேண்டும். காம்போதி ராகம் என்றால், தைவதத்தில் (த) நிற்கிறேன், மேல் ஸட்ஜத்துக்கு (ஸ) போகிற வழியில் நிஷாதம் (நி) வரக் கூடாது, அப்படியானால் எப்படிப் போவது என்று மனசு தேடும். எதையோ பாடுவேன். என் குரு கேட்டுவிட்டு, “நான் சொல்லிக்கொடுத்தது இது இல்லை. ஆனாலும் காம்போதிதான்” என்பார். ஸ்வரங்களை அந்த நேரத்தில் தானே கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்துக்கும், ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கும் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான். பெயர் சொல்லி யாரும் தனியாக நடத்தவில்லை. மறதியே நடத்தியது.

உங்கள் மகளுக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் விரல் போனைத் தொட்டுவிடுகிறது. அவள் மீது ஒரு குறையும் இல்லை. நல்ல காது, நல்ல ஞாபகம். ராகத்துக்குள் தானாக வழி தேடும் அவசியம்தான் அவளுக்கு இதுவரை வரவில்லை.

வகுப்பு நடந்த அன்று ரெகார்டிங்கைத் திறக்க வேண்டாம். மறுநாள் காலை சுருதி வைத்து, தாளம் போட்டு, நினைவில் இருக்கிற வரைக்கும் முழுப் பாட்டையும் பாடட்டும். விட்டுப்போன இடத்தில் நிற்கவே கூடாது. ராகம் பிசகாமல் எதையாவது பாடித் தாண்டட்டும். அதன் பிறகு கேட்கட்டும். எங்கே மாறியதோ, அந்த இடத்தை மட்டும் தன் கையால் ஸ்வரப்படுத்தி நோட்டில் எழுதட்டும். இதோடு, மோகன ராகத்தில் தெரிந்த ஒரு கிருதியை எடுத்துக்கொண்டு, பல்லவி தொடங்கும் இடத்துக்கு முன்னால் நாலே நாலு ஸ்வரம் பாடிச் சேரச் சொல்லுங்கள். ‘க ப க ரி’ ஒரு நாள், ‘த ப க ரி’ இன்னொரு நாள். நாலு எட்டாகும். பயம் தெளிந்துவிடும்.

இன்னொன்று. ஒரே கிருதியை யூடியூபில் ஆறு வித்வான்கள் பாடிக் கேட்டு, ஆறு பாடாந்தரத்தின் (குரு வழியாக வரும் பாடமுறையின்) சங்கதிகளையும் ஒரே பாட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் ஆசிரியர் சொன்ன பாடம் நன்றாகப் படியும்வரை அந்தக் கிருதிக்கு அது ஒன்றே போதும்.

என் ஆசிரியர் சென்னையில் இருக்கிறார். ஜூமில் வகுப்பு. நான் வைக்கும் தம்பூரா அவருக்குக் கேட்பதே இல்லை என்கிறார். சேர்ந்து பாடினால் தாளம் தள்ளாடுகிறது.
— வாசகி, டொராண்டோ

முதலாவதற்கு மருந்து உண்டு. அந்த மென்பொருள் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. ஆடியோ அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு, ஹெட்போனும் மாட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எந்த பட்டனுக்கும் கட்டுப்படாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் உங்களுக்கும் இடையே சுமார் 13,000 கிலோமீட்டர். போக 65 மில்லி நொடி, வர 65. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, மென்பொருளும் தன் பங்குக்குத் தாமதிக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிட அதிகமாகும். நொடிக்கு ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று வைத்து அதில் நாலு ஸ்வரம் பாடினால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பதே 250 மில்லி நொடி. பாதி ஸ்வரம் வழியிலேயே தொலைந்துபோனால் சேர்ந்து பாடுவது எப்படி?

ஆகவே அவர் பாடி நிறுத்தட்டும், பிறகு நீங்கள் பாடுங்கள். இதில் இழப்பு உண்டு, மறைக்க மாட்டேன். குருவின் குரலோடு குரல் சேர்த்துப் பாடும்போது மூச்சை எங்கே விடுகிறார், அழுத்தத்தை எங்கே குறைக்கிறார் என்பதெல்லாம் சொல்லாமலே நம் தொண்டைக்கு வந்துவிடும். சென்னை வரும்போது புதுப் பாட்டு எதுவும் கேட்காதீர்கள். தெரிந்த வர்ணங்களை இரண்டு காலத்திலும் அவரோடு சேர்ந்து பாட மட்டும் நேரம் கேளுங்கள்.

சுருதி பார்க்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். தோடி ராகம் பாடினால் திரை முழுக்கச் சிவப்பு. எனக்குச் சுருதி இல்லையா?
— வாசகர், கோவை

தோடியின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். அந்த ஆப்போ ஒரு ஸ்தாயியை (ஸ முதல் மேல் ஸ வரை) சமமான 12 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் குரல் நிற்கிறதா என்று பார்க்கிறது. நீங்கள் தோடியைத் தோடியாகப் பாடினால் சிவப்புத்தான் வரும்.

கமகமே (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நின்றாலும் சிக்கல் தீராது. நன்றாகச் சேர்ந்த தம்பூராவில் மந்தர ஸட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேளுங்கள். உள்ளே அந்தர காந்தாரம் (உயர்ந்த காந்தாரம்) தானாக ஒலிக்கும். ஓர் அரை ஸ்வரத்தை 100 பங்காக்கினால், ஆப் சொல்லும் காந்தாரத்தைவிட அது 14 பங்கு தாழ்ந்தது. தம்பூராவோடு இழைந்து பாடுகிறவரை ஆப் குறை சொல்லும். தம்பூராவையே நம்புங்கள்.

எனக்குக் கவலை அந்தக் கட்டங்களுக்கே பழகிவிட்ட காதுகளைப் பற்றித்தான். பூமிக்கடியில் எண்ணெய் தேட நில அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997-இல் ஆட்டோ-ட்யூனைக் கொண்டுவந்தார். பிசகிய குரலைக் கட்டத்துக்குள் இழுத்து வைக்கும் கருவி அது. இன்றைய பிள்ளைகள் காதில் நாள் முழுக்க விழும் குரல்களில் பல அப்படி நேராக்கப்பட்டவை. அதனால் முதன்முதலாகத் தோடி கேட்கும்போது, “பாடுகிறவர் குரல் ஆடுகிறதே டீச்சர்” என்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துத் தோடியை மட்டும் ஒரு வாரம் கேட்கச் செய்கிறேன். பாட விடுவதில்லை.

ஆப்பைத் தூக்கி எறிய வேண்டாம். ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்டஸ்வரத்தை (முன்பே அமைத்த ஸ்வரக் கோவையை) துரிதமாகப் பாடி ரீல் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். விளம்ப காலத்தில் (மெதுவாக) பாடினால் யாரும் நிற்பதில்லை. என்ன செய்ய?
— கல்லூரி மாணவர், மதுரை

ரீல் போடுங்கள் தம்பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடிய காலத்திலும் நம் வித்வான்கள் அதற்குள் கிருதியைச் சுருக்கிக் கொடுத்தார்கள். ஆனால் தட்டில் பாடியவர்கள் இரவு கச்சேரியில் மணிக்கணக்காகப் பாடியவர்கள். முழுதாக இருந்ததைச் சுருக்கினார்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்த வாரம் எதைச் சாதகம் செய்தீர்கள்? ரீலுக்கு வேண்டிய அந்த 60 நொடியை மட்டுமா? அப்படியென்றால் சுருக்குவதற்கு உங்களிடம் இன்னும் எதுவும் சேரவில்லை. காலையில் முதல் அரை மணி விளம்ப காலத்துக்கு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

ஆப் தம்பூரா போதுமா?
— வாசகி, தஞ்சாவூர்

சாதகத்துக்குப் போதும். ஆனால் வீட்டில் தம்பூரா இருந்தால் வாரம் ஒருமுறையாவது பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) திருகி, ஜீவாளியை (தந்திக்கு அடியிலுள்ள நூலை) நகர்த்தி, நீங்களே சேருங்கள்.

தாத்தா பாடிய கேசட்டுகள் இருக்கின்றன. கணினியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?
— வாசகர், காரைக்குடி

எம்பி3-ஆக ஏற்றாதீர்கள். காதுக்குத் தேவையில்லை என்று அது கணிப்பதை எல்லாம் கழித்துவிடும். ‘வேவ்’ கோப்பாக வையுங்கள். மணிக்கு 600 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும், பரவாயில்லை. பேட்டரி இறங்கிய டேப் ரெகார்டர் மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், இப்போது போடும்போது சுருதி ஏறிக் கேட்கும். ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடியவர் ஒன்றரையில் பாடுவதுபோல் இருக்கும். தாத்தா எத்தனை கட்டையில் பாடுவார் என்பதைத் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். கேசட் அட்டையில் அவர் எழுதியிருக்கும் ராகம், தேதி, பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதே போல்டரில் போட்டுவிடுங்கள்.