பத்துப் பேர் முன்னால் பேசினால் குடி விடுமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்துக் குடியை நிறுத்தினோம். இரண்டு முறையும் மூன்று மாதம் தாண்டவில்லை. இப்போது குழு ஆலோசனைக்கு வரச் சொல்கிறார்கள். “ஊரார் முன்னால் மானத்தை விற்கச் சொல்கிறாயா?” என்று மறுக்கிறார். இதனால் பயன் உண்டா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அவருடைய தயக்கம் இயல்பானது. முதல் நாள் வருகிறவர்களில் பலர் வாசலை ஒட்டிய நாற்காலியைத்தான் தேடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஊரார் அல்லர். அவரைப் போலவே கூலியைக் கடையில் தொலைத்துவிட்டு வீட்டில் கதை சொன்னவர்கள். “நண்பன் வற்புறுத்தினான், ஒன்றே ஒன்றுதான்” என்று அவர் சொன்னால் நீங்கள் நம்பலாம், நானும் ஏமாறலாம். அதே கதையைத் தாமே பலமுறை சொன்னவர்கள் ஏமாற மாட்டார்கள், அதற்காக அவரை இழிவாகப் பார்க்கவும் மாட்டார்கள்.

நான் நடத்திய ஒரு குழுவில் நடந்ததை, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். (அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் முதல் விதி.) மூன்று வாரமாகக் குடிக்காத ஒருவர், சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது என்றார். நான் வாய் திறப்பதற்குள் எதிரே இருந்த பெரியவர், “கூலியை நீ வாங்காதே, வீட்டுக்காரம்மாவை வாங்கச் சொல், ஆறு மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடு, அப்புறமும் முடியாவிட்டால் எனக்குப் போன் போடு” என்றார். பசி குடிவேட்கையைக் கிளறும் என்று நானும் சொல்லியிருப்பேன். என் வாயிலிருந்து வந்திருந்தால் அது அவர் மனத்தில் இறங்கியிருக்காது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தாமும் குடிநோயாளிகளாக இருந்த பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் கண்டுகொண்டதும் இதைத்தான்: ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசும்போது இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது. அவர்கள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்தில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஆலோசகரும் இருக்க மாட்டார். மருத்துவமனைக் குழுவைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்துவார். இரண்டுக்கும் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது மருந்து, குழு அன்று. தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திராமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணிலும் பேசலாம்.

உங்களுக்கும் ஒரு குழு உண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய ஆல்-அனான் கூட்டங்களுக்கு, அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அவரிடம் இப்போதைக்கு, ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டால் போதும், யாரும் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதையும் அவர் குடிக்காத காலை வேளையில் சொல்லுங்கள்.