அணைத்த பிறகும் கண் சிமிட்டும் எல்இடி: கோளாறு பல்பிலா, வயரிலா?

கேள்வி: வீட்டில் எல்லாமே எல்இடி விளக்குகள்தான். ஹாலில் ஒரு பல்பு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. புதிது மாட்டினாலும் ஒரே மாதத்தில் அதே கதை. படுக்கையறையில் சுவிட்சை அணைத்த பிறகும் சில விநாடிக்கு ஒரு முறை பல்பு மின்னி மறைகிறது. ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போது எல்லா விளக்கும் ஒரு கணம் மங்குகிறது. குண்டு பல்பு இருந்த காலத்தில் இதெல்லாம் இல்லை. வயரிங் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றும் மினுக்கும் விதமே அது எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். வயரிங்கை மாற்றுவது பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

"குண்டு பல்பில் இல்லையே" என்கிறீர்கள். பிரச்சினை அப்போதும் இருந்திருக்கலாம், கண்ணில் படவில்லை. குண்டு பல்பில் ஒளி தருவது சூடேறிய டங்ஸ்டன் இழை. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மின்சாரம் அறுந்தாலும் இழையின் சூடு சட்டென்று தணியாது, வெளிச்சம் லேசாகக் குறைந்தாலும் கண்ணில் படாது. எல்இடிக்கு அந்த நிதானம் கிடையாது; மின்சாரம் நின்ற மறுகணம் இருட்டிவிடும். இடையில் தாங்கிப் பிடிப்பது பல்பின் அடிப்பகுதியில், எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற சர்க்யூட்டும், அதில் மின்சாரத்தைச் சிறிது சேர்த்துவைக்கும் சிறிய கெப்பாசிட்டரும் மட்டுமே. பல வருடமாக இருந்த லூஸ் கான்டாக்ட் எல்இடி மாட்டிய அன்றுதான் வெளியே தெரிகிறது. பழி பல்பின் மேல் விழுகிறது.

ஹால் பல்பு

முதல் வேலை, அந்தப் பல்பைக் கழற்றி ஒழுங்காக எரியும் வேறொரு ஹோல்டரில் மாட்டுவது. அங்கிருந்ததை இங்கே மாட்டுவது. மினுக்கல் பல்போடு போனால் கோளாறு பல்பில். பழைய இடத்திலேயே நின்றால் ஹோல்டரிலோ சுவிட்சிலோ நடுவில் உள்ள இணைப்பிலோ. குறைந்தது ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் சூடேறிய பிறகு மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் நிறைய.

புதுப் பல்பும் ஒரு மாதத்தில் கெடுகிறது என்பதால் என் சந்தேகம் ஹோல்டர் மேல்தான். எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த விளக்குக்கான பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து, மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொண்ட பிறகு ஹோல்டரைத் திறந்து பாருங்கள். திருகு டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம். மல்டிமீட்டரையும் முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனை உள்ள பின் ஹோல்டர் என்றால் உள்ளே ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த இரண்டு பித்தளைக் குமிழ்கள் இருக்கும். விரலால் அழுத்தினால் இரண்டும் ஒரே விசையோடு துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று சோம்பலாக எழுந்தாலோ, நுனியில் கரும்புள்ளி இருந்தாலோ, அதுதான் இடம். பல்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் அதற்கு நேரான ஈயப் பொட்டில் கடுகளவு குழி விழுந்து சுற்றிலும் கறுத்திருக்கும். அந்த இடைவெளியில் தீப்பொறி தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் டிரைவரின் கெப்பாசிட்டர் காலியாகி, மறுபடி ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுத்து நிரம்புகிறது. அந்தத் திடீர் இழுப்பைத் திரும்பத் திரும்பத் தாங்க முடியாமல் டிரைவர் உயிரை விடுகிறது. புதுப் பல்பு ஒரு மாதத்தில் போவதற்கு இது ஒன்றே போதும்.

உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சூட்டில் ஸ்பிரிங்கின் விறைப்பு போயிருக்கும். தேய்த்தாலும் அழுத்தம் திரும்பி வராது. ஹோல்டரையே மாற்றுங்கள். திருகு ஹோல்டரில் மட்டும் ஒரு சலுகை உண்டு: நடுவில் உள்ள நாக்குத் தகடு, பல்பை இறுக்கி இறுக்கி அமுங்கிப் போயிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு 2 அல்லது 3 மி.மீ. மேலே நெம்பிவிடலாம். தகடு கறுத்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

புது ஹோல்டர் மாட்டும்போது வயர் முனையைச் சுமார் 8 மி.மீ. உரித்தால் போதும். பிரி வயர் என்றால் எல்லா இழையையும் சேர்த்து முறுக்குங்கள், ஓர் இழைகூட வெளியே நீட்டக் கூடாது. வயர் மெல்லியதாகவும் துளை பெரியதாகவும் இருந்தால் முனையை இரண்டாக மடித்துச் செருகுங்கள். ஸ்க்ரூ செம்பைக் கவ்வ வேண்டும், மேலுறையை அல்ல. இறுக்கிய பிறகு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி செய்யுங்கள். அதே கையோடு சுவிட்சையும் திறந்து அதன் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். போடும்போது 'சர்ர்' என்று சத்தம் வருகிற சுவிட்ச், தொட்டால் சூடாக இருக்கிற சுவிட்ச், பழுப்பேறிய சுவிட்ச், மூன்றுமே மாற்ற வேண்டியவை.

ஹோல்டர் சுத்தமாக இருந்தால் அடுத்து விளக்கின் கூட்டைப் பாருங்கள். நான்கு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பு இருந்தால் அது வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்இடி சூடாகாது என்பது தவறான நம்பிக்கை. இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது; ஒளியோடு முன்னால் போகாமல் பின்பக்கமாக, டிரைவர் இருக்கும் இடத்துக்கே வருகிறது. டிரைவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடுதலுக்கும் ஏறத்தாழப் பாதியாகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15,000 மணி, 25,000 மணி எல்லாம் காற்றோட்டத்தில் எரியும் பல்புக்குத்தான். இந்தக் கோளாறுக்கு ஒரு தாளம் உண்டு: போட்டவுடன் நன்றாக எரியும், பத்து நிமிடத்தில் அணையும், ஆறியதும் தானாக எரியும், மறுபடி அணையும். மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே குறிப்பிட்ட பல்பு வாங்குங்கள், அல்லது கூட்டைத் திறந்துவிடுங்கள்.

கெட்ட பல்பைத் திறந்தால் ஒளி தரும் பல எல்இடி சில்லுகளில் ஒன்றின் நடுவில் கரும்புள்ளி தெரியும். அதை ஒரு துளி ஈயத்தால் இணைத்துவிட்டால் மற்றவை எரியும் என்று செய்து காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எரியும்தான். ஆனால் ஒன்றைக் கொன்ற சூடு மிச்சத்தையும் கொல்லும். தவிர, 230 வோல்ட் இணைப்பில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரை நிரம்பியிருக்கும், கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ஒரு பல்புக்காக அந்த அடியை வாங்க வேண்டாம்.

அணைத்த பிறகும் மின்னும் படுக்கையறை

சுவிட்சில் இருட்டில் தெரிவதற்காக ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. அந்த நியான் விளக்கு எரிய வேண்டுமானால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது அதன் வழியாகவும், பிறகு பல்பின் வழியாகவும் ஒரு மில்லிஆம்பியரோ அதற்கும் குறைவாகவோ மின்சாரம் கசிந்தாக வேண்டும். குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தாது. எல்இடி டிரைவரின் கெப்பாசிட்டர் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைக்கும். டிரைவர் விழித்துக்கொள்ளும் அளவு சேர்ந்ததும் ஒரு மின்னல், சேமிப்பு காலி, மறுபடி சேகரிப்பு. நீங்கள் பார்ப்பது சொட்டுகள் சேர்ந்து குடம் கவிழும் கணத்தை.

நியான் இல்லாத சுவிட்சாக மாற்றினால் தீர்ந்தது. நியான் வேண்டும் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டரும் தொடராக இணைத்து, பல்பின் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்) இரண்டுக்கும் குறுக்கே வைக்கலாம். தயார் நிலையிலும் கிடைக்கும். ஸ்னப்பர் என்று கேட்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரின் தடை சுமார் 32,000 ஓம். ஒரு மில்லிஆம்பியர் கசிந்தாலும் பல்பின் குறுக்கே 32 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. டிரைவரை எழுப்ப அது போதாது. இதைச் சுவிட்சின் குறுக்கே வைத்துவிட்டால் கசிவு கூடும், பல்பு இன்னும் வேகமாகச் சிமிட்டும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. உடலில் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் எழுதாத சாதாரணக் கெப்பாசிட்டர் இங்கே தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

நியானே இல்லை என்றால் இரண்டு சாத்தியம். மாடிப்படி சுவிட்ச் போல இரண்டு இடத்திலிருந்து இயக்கும் இணைப்பில் நீண்ட தூரம் ஃபேஸ் வயரும் சுவிட்ச் வயரும் ஒட்டியே ஓடும். அவை இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 20 மீட்டருக்கு 230 வோல்ட்டில் 0.14 மில்லிஆம்பியர் கசிவு. சில பல்புகளுக்கு அதுவே போதும். இதில் ஆபத்தில்லை, ஸ்னப்பர் போதும்.

மற்றது ஆபத்தானது: சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பையும் கழற்றிவிட்டு, ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு முனையில் முழு வோல்ட்டேஜ் வந்தால் அணைத்த நிலையிலும் ஹோல்டரில் உயிர் இருக்கிறது. பல்பு மாற்றப் போகிறவர் கை அதில் படும். 50, 80 வோல்ட் போல இடைப்பட்ட எண் காட்டினால் பதற வேண்டாம், அது பக்கத்து வயரிலிருந்து தொற்றிய வெற்று மின்னழுத்தம். இணையாக ஒரு குண்டு பல்பை மாட்டி அளந்தால் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும்.

ஃபிரிட்ஜும் மங்கலும்

மோட்டார் புறப்படும் கணத்தில் ஓட்ட நிலையைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த இழுப்பில் வயரில் மின்னழுத்தம் கொஞ்சம் விழுவது இயல்பு. மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் ஐசி இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை மட்டும் வைத்துச் செய்த மலிவு பல்புகள் அந்தச் சரிவை அப்படியே வெளிச்சத்தில் காட்டும். 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று குறிப்பிட்ட நல்ல பல்பில் தெரியாது. ஃபிரிட்ஜும் விளக்கும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓடும்போது சில விளக்குகள் மங்க, வேறு சில வழக்கத்தைவிடப் பளிச்சென்று ஆகின்றனவா? ஆகின்றன என்றால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். நியூட்ரல் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் போனால் இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை வீட்டுச் சாதனங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை குறைந்த பக்கத்துக்குத்தான் கூடுதல் பங்கு. டிவியும் சார்ஜரும் எரிவது அப்போதுதான். மீட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பு மின் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு, அதன் சீலைத் தொடாமல் அவர்களை அழையுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸில் நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பித்தளைக் கட்டையின் ஸ்க்ரூக்களை எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். 230 வோல்ட் இணைப்பில் 207 முதல் 253 வரை பொதுவாக ஏற்கத்தக்க எல்லை.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்த விளக்கு எங்காவது மினுக்கினால், பல்பின் பெட்டியில் டிம் செய்யலாம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பழைய டிம்மர்கள் குறைந்தது 40 அல்லது 60 வாட் சுமை கேட்கும். இரண்டு 9 வாட் எல்இடி அதற்கு எட்டாது. எல்இடிக்கென்று உள்ள டிம்மர் வாங்குவதே வழி. ஸ்ட்ரிப் விளக்கு ஒரே சீரான தாளத்தில் அணைந்து அணைந்து எரிந்தால் பவர் சப்ளை திணறுகிறது: மீட்டருக்கு 14.4 வாட் வீதம் 5 மீட்டர் என்றால் 72 வாட், அதற்கு 90 வாட் சப்ளை வேண்டும்.

இப்போது வயரிங். மினுக்கலுக்காக மட்டும் மொத்தத்தையும் மாற்றத் தேவையில்லை. மாற்ற வேண்டுமா என்பதைச் சோதனை சொல்லட்டும்: மெகர் கருவியால் 500 வோல்ட் டிசியில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷனை, அதாவது மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தாலோ, வயரை வளைத்தால் மேலுறை நொறுங்கி உதிர்ந்தாலோ எலக்ட்ரீஷியன் சொல்வது சரி. அளப்பதற்கு முன் மெயினை அணைத்து, எல்இடி பல்புகள் எல்லாவற்றையும் கழற்றி, பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும், நல்ல டிரைவர்களும் அந்த 500 வோல்ட்டில் போய்ச் சேரும்.