துணையை இழந்த பூனை: அழுகைக்கு முன்னால் சாப்பாட்டைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் பஞ்சு, 13 வயது. சிறுநீரகம் செயலிழந்து, 12 நாட்களுக்கு முன் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டாள். இளையவன் கருப்பன், 9 வயது, கருத்தடை செய்த ஆண். குட்டியாக வந்த நாளிலிருந்து பஞ்சுவின் முதுகில் சாய்ந்துதான் தூங்குவான். இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு அறை அறையாகப் போய்க் கத்துகிறான். பஞ்சு படுக்கும் ஜன்னல் ஓரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். நான் வேலைக்குக் கிளம்பினால் கதவை விட்டு நகர்வதில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. இரண்டு நாட்களாக நக்கிவிட்டுப் போய்விடுகிறான். நேற்று என் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டான். "பூனைக்கு என்ன துக்கம், ஒரு குட்டி வாங்கினால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். தூக்க மாத்திரையில் கால் பங்கு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் தோழி. பஞ்சுவின் உடலை அவனுக்குக் காட்டாமல் விட்டது தவறோ என்றும் மனம் உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, பஞ்சுவின் பிரிவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். கருப்பனின் துக்கத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன்னால், அவனை இன்றே ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த அழுகையைவிட என்னைக் கவலைப்படுத்துவது இரண்டு வரிகள்: இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, படுக்கையில் சிறுநீர் கழித்தான்.

"பசித்தால் தானாகச் சாப்பிடுவான்" என்று பூனை விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. பூனை பட்டினி கிடந்தால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாட்களிலேயே கல்லீரல் வேலை செய்யாமல் போகலாம். கொஞ்சம் குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஈறுகளிலும் காதின் உட்புறத்திலும் மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பித்தால் நோய் நன்றாக முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இவனைப் போல இரண்டு நாட்களாக நக்கிவிட்டு நகர்ந்தாலும் அதே அவசரம்தான்.

அடுத்தது சிறுநீர். மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையை நேரடியாகத் தாக்கும். கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை புண்ணாகி, எரிச்சலும் வலியும் வரும். வலிக்கிற இடமாக லிட்டர் பெட்டியை (பூனை மலசலம் கழிக்க மண் போட்டு வைக்கும் பெட்டி) நினைத்துக்கொண்டு, மெத்தென்ற படுக்கையைத் தேடிப் போகும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகல் என்பதால் அது அடைத்தே போகலாம். அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்குகிறானா, கத்துகிறானா, பின்புறத்தை ஓயாமல் நக்குகிறானா, சொட்டுச் சொட்டாக வருகிறதா, அல்லது வருவதே இல்லையா என்று பாருங்கள். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும்; ஓரிரு நாட்களில் உயிரே போய்விடும். நள்ளிரவாக இருந்தாலும் அப்போதே கிளம்ப வேண்டிய நிலைமை அது.

மருத்துவரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கருப்பனுக்கு 9 வயதாகிறது. இரவில் கத்துவது துக்கத்தால் மட்டும் வருவதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்த அழுத்தம் கூடினாலும் வயதான பூனைகள் இப்படித்தான் கத்தும். துக்கம் என்ற பெயரில் ஒரு நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. பஞ்சுவுக்கு எதனால் சிறுநீரகம் கெட்டது என்பதையும் கேளுங்கள். வயதால் மெல்லக் கெட்டிருந்தால் இவனுக்குத் தொற்றாது. திடீரென்று கெட்டிருந்தால் வீட்டில் லில்லிப் பூ இருந்ததா என்று யோசியுங்கள். லில்லியின் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம். பஞ்சுவின் நினைவாக யாராவது பூங்கொத்து தந்திருந்தாலும் அதில் லில்லி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இனி துக்கத்துக்கு வருவோம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதுதான். மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் கேட்டார்கள். அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1996இல், உடன் வாழ்ந்த பிராணியை இழந்த பூனைகளைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் விசாரித்தது. 46 சதவீதப் பூனைகள் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டதாகத் தெரிந்தது. 2024இல் மிச்சிகனில் உள்ள ஓக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்விலும், துணையை இழந்த பூனைகளுக்கு உறக்கமும் சாப்பாடும் விளையாட்டும் குறைந்ததாகவும், ஆளைத் தேடி ஒட்டிக்கொள்வதும் ஒளிந்துகொள்வதும் கூடியதாகவும் வந்தது. இறந்தது நாயாக இருந்த வீட்டுப் பூனைகளிடம்கூட இந்த மாற்றங்கள் தெரிந்தன. இதெல்லாம் வீட்டுக்காரர்கள் சொன்னதை வைத்துத் தொகுத்தவை. நம் சோகத்தைப் பூனையின் முகத்தில் நாமே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆனாலும் காலியாகாத தட்டும், விடியற்காலைத் தேடலும் நம் கற்பனை இல்லை. மரணம் என்றால் என்னவென்று கருப்பனுக்குத் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது. தன் உலகத்தில் ஒரு பெரிய துண்டு காணாமல் போனது அவனுக்கு நிச்சயம் தெரியும்.

அந்த உலகம் பெரும்பாலும் வாசனையால் ஆனது. கூடி வாழும் பூனைகள் கன்னத்தையும் விலாவையும் ஒன்றின் மேல் ஒன்று உரசி, தங்களுக்கென்று ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்ளும். பஞ்சுவும் கருப்பனும் சேர்ந்து உண்டாக்கிய அந்த வாசனை இப்போது வீட்டில் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. படுக்கையில் சிறுநீர் கழித்ததற்கு வலி காரணமில்லை என்று மருத்துவர் சொன்னால், இதுதான் காரணமாக இருக்கும். உங்கள் வாசனை அதிகம் இருக்கும் இடத்தில் தன் வாசனையையும் சேர்த்துத் தைரியம் தேடிக்கொள்கிறான். அதில் கோபமோ பழிவாங்கலோ துளியும் இல்லை. திட்டாதீர்கள், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். பயம் கூடினால் அதையே மறுபடி செய்வான். கறையை என்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம். அதன் வாடையே சிறுநீரைப் போலிருந்து அவனைத் திரும்ப அழைக்கும்.

இரண்டு பேருக்குமாக வைத்திருந்த லிட்டர் பெட்டிகள், தண்ணீர்க் கிண்ணங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இப்போது ஒருவன்தானே என்று எதையும் எடுக்க வேண்டாம். மண்ணின் வகையை மாற்றுவது, சோஃபாவை இடம் மாற்றுவது, வீட்டைக் கழுவித் தள்ளுவது எல்லாவற்றையும் சில வாரங்களுக்குத் தள்ளிப் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அவன் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிட்ட ஈர உணவையே கொடுங்கள். புதிதாக எதையும் பழக்க இது நேரமில்லை. குளிர்ந்த உணவை வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும்பும். புறங்கையில் வைத்தால் சூடே தெரியாத அளவு போதும். ஒரு நாள் உணவை நான்கைந்து சின்னப் பங்காகப் பிரியுங்கள். பஞ்சுவுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுப் பழகியவன் தனியாகத் தட்டின் முன் நிற்கத் தயங்கலாம். அவன் சாப்பிடும்வரை பக்கத்தில் தரையில் உட்காருங்கள். விரலில் எடுத்துக் காட்டினால் சில பூனைகள் நக்கத் தொடங்கிவிடும். வாயைத் திறந்து திணிக்க மட்டும் வேண்டாம். அந்த உணவையே வெறுத்துவிடுவான். அவ்வளவுக்கும் சாப்பிடாவிட்டால் பசியைத் தூண்டும் மருந்து உண்டு, அதை மருத்துவர் தருவார். வாரம் இருமுறை எடை பாருங்கள். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். நான்கு கிலோ பூனைக்கு 200 கிராம் குறைவது சின்ன விஷயம் இல்லை.

இரவுக் கத்தலுக்கு என் அனுபவத்தில் பகலிலேயே செய்யும் வேலைதான் பலன் தருகிறது. மாலையில் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை, பத்துப் பத்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகைக் காட்டி விளையாட்டுக் காட்டுங்கள். முதல் சில நாட்கள் கண்ணால் மட்டும் பார்ப்பான், அதுவும் நல்லதுதான். கடைசியில் இறகை அவன் பிடிக்க விடுங்கள், உடனே இரவின் கடைசிப் பங்கு உணவை வையுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது பூனையின் இயல்பான வரிசை. மூன்று மணிக்குக் கத்தும்போது எழுந்துபோய் உணவு வைத்தால் அது பழக்கமாகிவிடும். அதற்காக அவன் குரலைக் கேட்டும் கேட்காததுபோல் கிடக்கச் சொல்லவில்லை. இருந்த இடத்திலிருந்தே மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்து ஒட்டிப் படுத்தால் படுக்கட்டும்.

நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது நீண்ட கொஞ்சலும் வருத்தமான விடைபெறலும் வேண்டாம். தினமும் ஒரே மாதிரிக் கிளம்புங்கள். நீங்கள் உடுத்திய, துவைக்காத ஒரு துணியை ஜன்னல் ஓரத்தில் விட்டுவிட்டுப் போங்கள். உயரமான ஓர் இடமும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும் இருக்கட்டும். அட்டைப் பெட்டி கொடுத்த காப்பகப் பூனைகள், கொடுக்காதவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்ததாக நெதர்லாந்தில் 2014இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. உள்ளே போய்ச் சுருண்டால் இழுத்து மடியில் வைக்காதீர்கள், தானே வரட்டும். பூனையைச் சாந்தப்படுத்தும் வாசனைப் பொருளைக் காற்றில் பரப்பும், பிளக்கில் செருகும் ஃபெரோமோன் டிஃப்யூசரையும் முயலலாம். எல்லாப் பூனைக்கும் பலன் தருவதில்லை, கெடுதலும் இல்லை.

தூக்க மாத்திரை கூடவே கூடாது, அம்மா. மனிதருக்கான எந்த மாத்திரையையும், கால் பங்கு என்றாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரே மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி அதன் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. பூனைக்குப் பொருத்தமான பதற்ற மருந்துகள் இருக்கின்றன. காபாபென்டின் அன்றைக்கே வேலை செய்யும்; ஃப்ளூவாக்ஸெடின் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரமாகும். பரிசோதனை முடிந்து, வீட்டு முயற்சிகளும் போதவில்லை என்றால் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். மருந்து கொடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை.

குட்டி வாங்கும் யோசனையை இப்போதைக்கு வைத்துவிடுங்கள். கருப்பன் இழந்தது ஏதோ ஒரு பூனையை இல்லை, பஞ்சுவை. அறிமுகமில்லாத குட்டி அவன் கண்ணில் எல்லைக்குள் நுழைந்த அந்நியன்தான். சாப்பிடாமல் கிடப்பவன் மீது இன்னொரு பாரத்தை ஏற்ற வேண்டாம். அவன் நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, சில மாதங்கள் ஆன பிறகும் துணை தேடுவதாகத் தோன்றினால் யோசிக்கலாம். அப்போதும் தனி அறை, துணி மாற்றி வாசனைப் பழக்கம், கதவிடுக்கு வழியே பார்வை என்று வாரக்கணக்கில் நிதானமாகப் போக வேண்டும். சில பூனைகள் தனியாக இருப்பதையே விரும்பத் தொடங்கிவிடுகின்றன, முன்பைவிட நம்மிடம் நெருங்கியும் வருகின்றன. அப்படி நடந்தால், பஞ்சுவை மறந்துவிட்டானே என்று அவன்மேல் வருத்தப்படாதீர்கள்.

உடலைக் காட்டாததை நினைத்து உறுத்திக்கொள்ளவும் வேண்டாம். உடலைப் பார்த்து முகர்ந்த பூனைகளும் அடுத்த நாளே வீடு முழுக்கத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். காட்டியிருந்தால் அவன் தேடாமல் இருந்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. பஞ்சுவின் கடைசி நேரத்தில் நீங்கள் அவள் பக்கம் இருந்தீர்கள், அதுதான் அன்று செய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கு அழுகை வந்தால் கருப்பனுக்காக அடக்கவும் வேண்டாம். அவனுக்கு உங்கள் கண்ணீரைவிட, மாறிப்போகும் சாப்பாட்டு நேரம்தான் அதிகம் குழப்பம் தரும்.

பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் தேறத் தொடங்கும், சிலவற்றுக்கு ஆறு மாதம் வரை ஆகும். இடையில் எடை குறைந்தாலோ, வயிற்றிலும் தொடையிலும் முடி உதிர நக்கினாலோ, சிறுநீர்ப் பிரச்சினை திரும்பினாலோ மறுபடி மருத்துவரிடம் போங்கள்.

பஞ்சு படுத்த துணியை இன்னும் துவைக்கவில்லை என்றால் அப்படியே ஜன்னல் ஓரத்தில் விடுங்கள். அதில் முகம் வைத்துத் தூங்கினால் தூங்கட்டும். முகர்ந்துவிட்டு முதுகு வளைத்துப் பதறினால் மட்டும் எடுத்து, மூடிய பையில் போட்டு வையுங்கள். ஒரு நாள் அவன் அதன்மேல் படுக்காமல் பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் போய்ப் படுப்பான். அதற்கு அப்புறம் துவைத்துக்கொள்ளலாம்.